ஆன்றோர் கூற்றும் அதன் எல்லையும்

ஒரு பொருளை நிறுவப் புகுவோன் அதனைத் தானே கண்டு கூறுதலும், கண்டதைக்கொண்டு காணாததை உய்த்துணர்ந்து கூறுதலும், இவ்விரண்டும் இயலாவிடத்து அறிந்தோர் சொல்லைத் துணையாகக் கொள்ளுதலும் உலகியல்பு. தமிழ் நூலோர் இம்மூன்றையும் காண்டல், கருதல், உரை என வழங்கினர். மணிமேகலையின் 27ஆம் காதையில், அளவைகளை வேதவியாதன் பத்தாகவும், கிருதகோடி எட்டாகவும், சைமினி ஆறாகவும் கொண்ட செய்தி சொல்லப்படுகின்றது. சிவஞானசித்தியார் பிறர் விரித்த அளவைகளையெல்லாம் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்குகின்றது. எத்துணை விரித்தாலும் எத்துணைச் சுருக்கினாலும் உரையளவை அவற்றுள் இடம்பெற்றே நிற்கின்றது. ஒருவன் தன் வாழ்நாளிற் கண்டறியக்கூடியது சிறிது. கேட்டறிய வேண்டுவது பெரிது. ஆதலின் பிறர் சொல்லை முற்றாக விலக்கிய அறிவு என்று ஒன்று இல்லை.

ஆயின், எவர் சொல் அளவையாகும்? கௌதமரின் நியாய சூத்திரம் ஆப்தனுடைய உபதேசமே சப்தப் பிரமாணம் என்று வரையறுக்கின்றது. அதற்குப் பாடியஞ் செய்த வாற்சியாயனர் ஆப்தன் யார் என்பதை விளக்குகின்றார். பொருளை உள்ளவாறு நேரே அறிந்தவனும், அறிந்தவாறே பிறர்க்கு உணர்த்த விரும்புபவனுமே ஆப்தன் என்பது அவர் கருத்து. இவ்விலக்கணம் இருடிக்கும் ஆரியனுக்கும் மிலேச்சனுக்கும் ஒக்கும் என்றும் அவர் கூறிவிடுகின்றார். குலமும் பட்டமும் பதவியும் ஈண்டு எண்ணப்படவில்லை. அறிந்தானா, உள்ளவாறு சொன்னானா என்னும் இரு வினாக்களே எழுகின்றன. பழைய நூல்களை மேற்கோள் காட்டிப் பழகியோர் பலரும் இவ்வரியைக் கடந்து சென்றுவிடுவது வியப்பேயாம்.

மேலைநாட்டிலும் இவ்வினா எழுந்ததுண்டு. ஆங்கில மெய்யியலாளர் யோன் லொக் 1690ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலில், பெரியோர் பெயரைக் கூறி எதிரியை நாணச்செய்து வாயடைக்கும் வாதமுறையொன்றைத் தனியே பெயரிட்டுக் காட்டினார். ‘இத்துணைப் பெரியவர் சொல்லியதை மறுக்க நீ யார்?’ என்பதே அதன் உட்பொருள். கேட்டவன் அடங்குகின்றான்; பொருளோ நிறுவப்படாமலே கிடக்கின்றது. வாற்சியாயனர் வகுத்த ஆப்தனையும் லொக் குறித்த இவ்வாதத்தையும் அருகருகே வைத்து நோக்கின் ஒன்று புலனாகும். ஆன்றோர் கூற்றுக்கு வலிமை தருவது அவர் பெயரன்று. அப்பொருளை அவர் அறிந்த வழியேயாகும். அந்த வழி எங்கே முடிகின்றதோ அங்கே அவர் கூற்றின் வலிமையும் முடிகின்றது.

கேலன் என்னும் கிரேக்க மருத்துவர் கி.பி. 2ஆம் நூற்றாண்டினர். உடற்கூற்றியலில் ஐரோப்பா ஆயிரம் ஆண்டுக்கு மேலாக அவர் சொல்லையே கைக்கொண்டது. அவர் கூர்த்த அறிவினர், அறுத்துப் பார்த்து எழுதியவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் அறுத்தது குரங்கு முதலிய விலங்குகளின் உடலை. எழுதியதோ மனிதனின் உடலைப் பற்றி. மனிதனின் கீழ்த்தாடை இரண்டு எலும்பால் ஆயது என்று அவர் கூறியதை, 1543இல் வெளிவந்த தமது நூலில் வெசேலியசு மறுத்து, ஒன்றே என்று காட்டினார். கேலன் பொய் சொல்லவில்லை. கண்டதற்கும் சொன்னதற்கும் இடையிலிருந்த இடைவெளியை அவர்பின் வந்தோர் காணாது விட்டனர், அவ்வளவே.

இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. வன்னி நிலத்து வரலாற்றை எழுதப் புகும் மாணவனுக்கு இது நாள்தோறும் எதிர்ப்படும் இடர். வையாபாடல், யாழ்ப்பாண வைபவமாலை முதலிய தமிழ் நூல்கள் வன்னியரைக் குறிக்கின்றனவாயினும், 18ஆம், 19ஆம் நூற்றாண்டுச் செய்திகளுக்கு ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் விட்டுச்சென்ற எழுத்தையே பெரிதும் நாடவேண்டியுள்ளது. வீடுகளிலும் கோயில்களிலும் பாடசாலைகளிலும் இருந்த ஏடுகளும் பதிவுகளும் 2009ஆம் ஆண்டில் முடிவுற்ற போரின் இடப்பெயர்வுகளிற் பெரிதும் அழிந்துபோயின. எஞ்சிய சில சான்றுகளைக்கொண்டே பேச வேண்டிய ஒருவன், அவற்றுள் ஒன்றைப் பிழையாக எடுத்தாளின், மற்றைய மெய்யான சான்றுகளையும் எதிரி நகைத்துத் தள்ளுவதற்கு வழிசெய்தவனாகின்றான்.

வன்னி பற்றி எழுதுவோர் முதலிற் காட்டும் பெயர் யே. பி. லூயிஸ் என்பது. இலங்கைக் குடியியற் சேவையைச் சேர்ந்த இவர் வன்னியில் உதவி அரசாங்க அதிபராகப் பணியாற்றியவர். இவரது வன்னி மாவட்டங்களின் கைந்நூல் 1895இற் கொழும்பில் வெளிவந்தது. குளங்கள், காடுகள், காய்ச்சல், மக்கள் வழக்கங்கள், வரி, நெற்செய்கை ஆகியவற்றைப்பற்றி அவர் எழுதியவற்றுட் பெரும்பகுதி நேரிற் கண்டும் கச்சேரிப் பதிவுகளை ஆராய்ந்தும் எழுதியது. அவ்விடயங்களில் லூயிஸ் ஆப்தர் எனத் தகுவார். ஆனால் அதே நூலில் 1803ஆம் ஆண்டுப் போரைப்பற்றி அவர் கூறுவது ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் எழுதியது. ஆண்டு அவர் தாமே சாட்சியல்லர். முன்னையோர் அறிக்கைகளைத் தொகுத்தவர். ஒரே நூலின் இரு பக்கங்களுக்கு ஒரே நிறை கிடையாது. ‘லூயிஸ் கூறுகின்றார்’ என்று எழுதுவதோடு அமையாது, எதனைக்கொண்டு கூறுகின்றார் என்று ஒரு தொடர் சேர்த்தெழுதின் மேற்கோள் வலுப்பெறும்.

இதனோடொத்த சிறு தடுமாற்றம் ஒன்றும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வன்னியை நிருவகித்து அறிக்கை எழுதியவர் யோர்ச் ரேணர். மகாவம்சத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1837இல் வெளியிட்டவரும் யோர்ச் ரேணர். முன்னவர் தந்தை, பின்னவர் மகன். மகன் பிறந்தது 1799இல். வன்னி அறிக்கை எழுதப்பட்ட காலத்தில் அவர் சிறு பிள்ளை. ‘மகாவம்சத்தை மொழிபெயர்த்த பேரறிஞர் ரேணரே பண்டாரவன்னியனைப்பற்றிக் கூறுகின்றார்’ என்று ஒருவன் எழுதுவானாயின், தந்தையின் சாட்சியத்துக்கு மகனின் புகழை ஏற்றியவனாவான். பெயரை மட்டும் நோக்கி ஆளை நோக்காத மேற்கோளின் கதி இதுவே.

பண்டாரவன்னியன் வரலாற்றிலேயே இதனினும் பெரிய பாடம் ஒன்று உளது. ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில் ஒரு நினைவுக்கல் பிரித்தானிய ஆட்சியாளரால் நாட்டப்பட்டது. அவ்விடத்தின் அண்மையிலே கப்டன் வொன் ட்றிபேர்க் என்பவன் பண்டாரவன்னியனை 1803ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆம் நாள் தோற்கடித்தான் என்பதே அக்கல்லிற் பொறித்த ஆங்கில வாசகத்தின் பொருள். அந்நாளே அவ்வீரன் வீழ்ந்த நாள் என்று நெடுங்காலம் எழுதியும் பேசியும் வந்தனர். மேடையிலும் ஏட்டிலும் கல்லே சாட்சி என்றனர். கல்லோ தோல்வியைக் கூறுகின்றதேயன்றி இறப்பைக் கூறவில்லை. தோற்றவன் இறந்தான் என்பது வாசித்தோர் சேர்த்துக்கொண்டது. 1803ஆம் ஆண்டுக்குப் பின்னரும் அவன் உயிரோடிருந்தான் என்று ஆவணங்களைக் காட்டி வாதிட்ட ஆய்வாளரும் உளர். அவ்வாதத்தை ஏற்பினும் மறுப்பினும், கல்லை இறப்புக்குச் சாட்சியாக அழைத்தல் முறையன்று. சான்று சொல்லாததைச் சான்றின் வாயிற் புகுத்தி எழுதியவர்கள் அவ்வீரனின்மேற் கொண்ட அன்பினாலேயே அங்ஙனஞ் செய்தனர். அன்பினாற் செய்தாலும் பிழை பிழையே.

அக்கல்லை நாட்டியோர் யார் என்பதும் நினைக்கத்தக்கது. வென்றவன் தன் வெற்றியைக் கல்லில் எழுதுதல் எளிது. அதற்கு இரண்டு மாதம் முன்னர், 1803 ஓகஸ்ட் 25ஆம் நாள், முல்லைத்தீவுக் கோட்டை பண்டாரவன்னியன் வசமானது. அங்கிருந்த காவற்படை கோட்டையைக் கைவிட்டுக் கடல்வழியே யாழ்ப்பாணம் சென்றது. இதனையும் ஆங்கிலேயர் எழுத்தாலேயே அறிகின்றோம். இவ்விரு செய்திகளுள் எது வலிய சான்று? தன் பக்கத்துத் தோல்வியைத் தானே ஒப்புக்கொண்டு எழுதுபவன் பொய் சொல்லக் காரணமில்லை. ஆகலின், ஆங்கிலேயர் கூற்று என்ற வகையில், ஒக்டோபர் வெற்றியைப்பற்றி அவர்கள் கூறுவதினும் ஓகஸ்ட் தோல்வியைப்பற்றி அவர்கள் கூறுவது மிக்க உறுதியுடையது. பகைவன் எழுத்து என்று அதனை ஒதுக்கிவிடுவோர் தம் கையிலுள்ள சிறந்த சான்றையே எறிந்துவிடுகின்றனர். வாதம் செய்வோனுக்கு எதிர்ப்பக்கத்து அறிஞரின் ஒப்புதலைப்போல் உதவுவது பிறிதில்லை. தன் பக்கத்தார் பதின்மரின் புகழுரையும் அதற்கு ஈடாகாது.

இனி, அறிந்தவன் தன் துறைக்குட் பேசும்போதும், காண்டலையும் கருதலையும் வேறு பிரித்து எடுத்தல் வேண்டும். அதற்கு வவுனிக்குளம் தக்க எடுத்துக்காட்டு. ஹென்றி பாக்கர் 1873 முதல் 1904 வரை இலங்கை நீர்ப்பாசனத் திணைக்களத்திற் பணிபுரிந்த பொறியியலாளர். இரணைமடுத் திட்டத்துக்கு முதலில் வரைபடம் தீட்டியவரும் அவரே. 1909இல் வெளிவந்த பண்டைய இலங்கை பற்றிய நூலில், வவுனிக்குளமே மகாவம்சங் கூறும் பேலிவாபி என்று அவர் முடிவு செய்தார். கட்டடங்களிற் காணப்படும் செங்கற்களின் நீள அகலத் தடிப்புகளை அளந்து காலத்தை மதிப்பிடும் முறையொன்றையும் அவர் கையாண்டார்.

இங்கே பாக்கர் மூன்று வகையாக நின்று பேசுகின்றார். அணையின் நீளமும் துருசின் அமைப்பும் செங்கல்லின் அளவும் அவர் கண்டவை. அவற்றில் அவரோடு வாதிட வேண்டுவோன் அளவுகோலோடு குளக்கட்டுக்குச் செல்லுதல் வேண்டும். செங்கல்லின் அளவைக்கொண்டு காலத்தைக் கணித்தது கருதல். அது ஒரு நிபுணனின் கருதலாதலின் மதிக்கத்தக்கது. ஆனால் பழைய கட்டடமொன்றின் செங்கல்லைப் பிற்காலத்தார் எடுத்து வேறொரு துருசுக்குப் பயன்படுத்தியிருக்கவும் கூடும் என்னும் வினாவுக்கு அது விடை கூறியாகவேண்டும். மூன்றாவதாகிய ஊர்ப்பெயர்த் துணிவு பொறியியலே அன்று, அது நூலாராய்ச்சி. மகாவம்சத்தின் 28ஆம் அதிகாரம், பெருந்தூபிக்கு வேண்டிய பொருள்கள் கிடைத்த வகையைக் கூறுமிடத்து, அனுராதபுரத்துக்கு வடக்கே ஏழு யோசனைத் தூரத்திற் பேலிவாபியை வைக்கின்றது. வவுனிக்குளம் அனுராதபுரத்துக்கு வடக்கே நேர்கோட்டில் ஏறக்குறைய 50 மைல். யோசனை ஏழு மைலுக்குச் சிறிது மேற்பட்டதென்று கொள்ளின் கணக்குப் பொருந்தும். ஐந்து மைல் என்று கொள்வோருக்கு ஏழு யோசனை 35 மைலாகி, பயணம் ஓமந்தைப் பக்கத்திலேயே முடிந்துவிடும். பாக்கர் சொன்னார் என்பதனால் யோசனையின் நீளம் கூடவுமில்லை, குறையவுமில்லை.

இதன்மேல் இன்னொரு மாடமும் எழுப்பப்பட்டுளது. வவுனிக்குளத்தை எல்லாளன் கட்டினான் என்பது பல கட்டுரைகளிற் காணப்படும் செய்தி. சான்று கேட்பின் மகாவம்சமும் பாக்கரும் உடன் காட்டப்படுகின்றனர். மகாவம்சத்தின் அப்பகுதி குளத்தைக் கட்டினோன் பெயரைக் கூறவில்லை. துட்டகைமுனு காலத்தில் அவ்வூர் இருந்ததென்று கூறுகின்றது. ஆதலின் குளம் அவனுக்கு முற்பட்டதாதல் வேண்டும். அவனுக்கு முன் நாற்பத்துநான்கு ஆண்டு ஆண்டவன் எல்லாளன். ஆதலின் எல்லாளன் கட்டியிருக்கலாம். இச்சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் ‘ஆதலின்’ என்னுஞ் சொல்லாற் பிணைக்கப்பட்டது. கடைசிக் கண்ணியில் இருந்த ‘கட்டியிருக்கலாம்’ என்பது கைமாறிக் கைமாறிக் ‘கட்டினான்’ என்றாகிவிட்டது. அன்றியும், மகாவம்சம் இந்நிகழ்ச்சிகளுக்கு ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகளின் பின் இயற்றப்பட்டது. தன் காலத்தில் வழங்கிய ஊர்ப்பெயரைக்கொண்டே ஆசிரியர் பழைய செய்தியைக் கூறியிருத்தலும் கூடும். எல்லாளன் பெயரை விட்டுவிடல் வேண்டும் என்பது கருத்தன்று. உய்த்துணர்வை உய்த்துணர்வாகவே எழுதின், அதனை எவரும் தாக்கி வீழ்த்த இயலாது. முடிந்த முடிபாக எழுதின், ‘எந்தப் பக்கத்திற் கூறப்பட்டுள்ளது?’ என்னும் ஒரு வினாவே வீழ்த்திவிடும்.

நிபுணனைச் சாட்சிக்கூண்டில் ஏற்றும் நீதிமன்றம் இவ்வேறுபாட்டை நன்குணர்ந்திருக்கின்றது. லூயிசின் நூல் வெளிவந்த அதே 1895இல் இயற்றப்பட்டது இலங்கையின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டம். பிறநாட்டுச் சட்டம், விஞ்ஞானம், கலை, கையெழுத்து முதலியவற்றில் அவ்வத்துறையில் தேர்ச்சியுடையோரின் அபிப்பிராயத்தை ஏற்கலாம் என்று அதன் 45ஆம் பிரிவு கூறுகின்றது. 51ஆம் பிரிவோ, ஒருவரின் அபிப்பிராயம் ஏற்புடைத்தாகுமிடத்து அவ்வபிப்பிராயத்துக்கு அடிப்படையான காரணங்களும் ஏற்புடையன என்கின்றது. அடிப்படையைக் கேளாது முடிவை மட்டும் பெற்றுக்கொள்ள நீதிபதி கட்டுப்பட்டவரல்லர். கட்டுரை எழுதும் மாணவன் மட்டும் ஏன் கட்டுப்பட வேண்டும்?

தமிழ் உரைகாரரிடத்திலும் இவ்வொழுக்கத்தைக் காணலாம். தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு உரைகண்ட சேனாவரையர் தமக்கு முற்பட்ட இளம்பூரணரை ‘உரையாசிரியர்’ என்று சிறப்புப் பெயராற் குறித்து, அவர் கருத்தை எடுத்துக்காட்டி, அதன்பின் காரணங்கூறி மறுப்பார். மதிப்பும் மறுப்பும் ஒருங்கே நிற்கின்றன. நன்னூல் எழுவகை மதங்களைத் தொகுக்குமிடத்து, பிறர் கருத்துக்கு உடன்படுதலை முதலிலும், மறுத்தலை அடுத்தும் வைத்து, இருவர் மாறுபடக் கூறியவழி ஒன்றனைத் துணிதலையும் ஒரு மதமாகக் கொள்கின்றது. அறிஞர் இருவர் முரணும்போது தனக்கு உவப்பானவரை மட்டும் காட்டி மற்றவரை மறைத்தல் அவ்வேழனுள் ஒன்றன்று. மறைக்கப்பட்ட பெயர் எதிரியின் வாயிலிருந்து வெளிவரும்போது முன் காட்டிய பெயரும் மதிப்பிழக்கும்.

ஏட்டுக்கு வெளியே, நீரிலும் வயலிலும் இப்பொருள் எங்ஙனம் வந்து முட்டுகின்றது என்பதற்கு இரணைமடு சான்று. கனகராயன் ஆற்றை மறித்து 1902இற் கட்டத் தொடங்கி 1920ஆம் ஆண்டளவில் முடிக்கப்பட்ட இக்குளம் கிளிநொச்சி நெற்செய்கைக்கு உயிர்நிலை. இதிலிருந்து யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குக் குடிநீர் கொண்டுசெல்லும் திட்டத்துக்கு ஆசிய அபிவிருத்தி வங்கி 2010இல் கடனளிக்க இசைந்தது. அணையை இரண்டடி உயர்த்தினால் வயலுக்கும் குடிநீருக்கும் போதும் என்றனர் திட்டத்தார். மழை பொய்க்கும் ஆண்டுகளிற் சிறுபோகத்துக்கே நீர் போதாது என்றனர் கமக்காரர். இரு பக்கத்தாரும் நிபுணர் பெயரையே கூறினர். ஈற்றிற் குடாநாட்டுக் குடிநீருக்குக் கடல்நீரை நன்னீராக்கும் வழி மேற்கொள்ளப்பட்டு, தாளையடியில் அதற்கான நிலையம் 2024இல் திறக்கப்பட்டது.

அவ்வாதத்தில் மூன்று வினாக்கள் ஒன்றாகக் கலந்து கிடந்தன. அணை உயர்ந்தால் எத்துணை நீர் கூடுதலாகத் தேங்கும் என்பது பொறியியல். அங்கே பொறியியலாளர் சொல்லே அளவை. பத்து ஆண்டில் எத்தனை ஆண்டு குளம் நிறையும் என்பது மழைக்கணக்கு. பல ஆண்டுப் பதிவுகளை ஆராய்ந்தவரே அதற்கு உரியவர். கட்டடத்தை அறிந்தவர் என்பதனால் ஒருவர் மழையையும் அறிந்தவராகிவிடார். நீர் குறைந்த ஆண்டில் வயலுக்கு முதலா, குடத்துக்கு முதலா என்பது மூன்றாம் வினா. அதற்கு எந்தப் பட்டதாரியும் நிபுணர் அல்லர். அது முறைமை பற்றியது, சம்பந்தப்பட்ட மக்கள் பேசித் துணியவேண்டியது. மூன்றாம் வினாவுக்கு முதல் வினாவின் நிபுணரைச் சாட்சியழைத்தவிடத்து, மக்கள் நிபுணரையே நம்பாது போயினர். அந்நட்டம் சிறிதன்று, அடுத்த முறை அவர் தம் துறைக்குள் நின்று மெய் கூறும்போதும் கேட்பார் இரார்.

நான்காவது சாட்சி ஒருவரும் உண்டு. அறிக்கைகளில் அவர் பெயர் வருவது அருமை. குளத்தின் கீழ் நீர் பங்கிடும் வட்டவிதானை, இத்தனை அடி நீர் இருக்கையில் துருசைத் திறந்தால் எத்தனையாவது நாளில் கடைவாய்க்கால் வயலுக்கு நீர் சேரும், எந்த வாய்க்காலில் மணல் அடைத்து நீர் தங்கும், எந்த ஆண்டில் கடைவயல் கருகியது என்பவற்றை ஆண்டுதோறும் வரம்பில் நின்று கண்டறிந்தவர். வாற்சியாயனர் இலக்கணப்படி அவரும் ஆப்தர். அவரை மேற்கோள் காட்டும்போதும் முறை வேறன்று. ‘ஊரார் கூறுவர்’ என்று எழுதின் அது வதந்தி. இன்ன குளத்தில் இத்தனை ஆண்டு நீர் பங்கிட்டவர், இன்ன போகத்தில் தாம் கண்டதாக, இன்ன நாளிற் கூறினார் என்று எழுதின் அது சான்று. மழையைப்பற்றி அவர் கூறுவது நினைவு; அதனை மழைப்பதிவோடு ஒப்புநோக்குதல் வேண்டும். வாய்க்காலைப்பற்றி அவர் கூறுவது காண்டல். அதனை மறுக்க எண்ணும் பொறியியலாளர் வாய்க்காலோரம் நடந்து பார்த்தல் வேண்டும்.